கடைத்தெரு அலையடித்த வருஷம்

வடிவு டீச்சர் கம்ப்யூட்டரில் முதல் நெடுவரிசையில் பூஜ்யத்திலிருந்து ஐம்பது வரை எண்களை இறக்கி, பக்கத்து நெடுவரிசையில் ஒவ்வோர் எண்ணுக்கும் சைன் ஃபார்முலா போட்டு, இரண்டையும் சேர்த்து மௌஸால் இழுத்துப் பிடித்து, சார்ட் என்ற பொத்தானை அழுத்திய ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, நெடுந்தரவையின் கடைத்தெரு எழுந்து எட்டு மேடாகவும் எட்டுப் பள்ளமாகவும் நின்றது.

சத்தம் எதுவும் இல்லை. அடுப்பிலிருந்த பால் பொங்கவில்லை, குடத்துத் தண்ணீர் தளும்பவில்லை, தொட்டில் பிள்ளைகள் முழிக்கவில்லை. வீடுகளும் கடைகளும் கரையில் கட்டிப்போட்ட வள்ளங்களைப்போலச் சாயாமல் நிமிர்ந்தபடியே, சில ஒரு மாடிவீட்டு உயரம் மேலே போயின, சில ஒரு மாடிவீட்டு ஆழம் கீழே போயின. கரண்ட் கம்பிகள் வேண்டுமட்டும் நீண்டுகொடுத்தன. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ ஒரு குவளையிலிருந்து கிளம்பி மறு குவளைக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது.

நெடுந்தரவை, மேடு என்ற சொல்லுக்கே வேலையில்லாத ஊராக இருந்தது. நடுத்தெருவில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தை மாதம் வரை நின்று யோசித்துவிட்டு அங்கேயே வற்றும். கிழக்கே ஒரு மைல் தூரத்தில் கடல் இருந்தது. நடுவில் உப்பளமும் கருவேலங்காடும் மறைத்து நின்றதால், கடலின் வாடை ஊருக்குள் வந்தது, கடலின் மீன் வந்தது, கடல் மட்டும் கண்ணுக்கு வரவில்லை. கடற்கரையூர்க்காரர்கள் என்று வெளியூரில் சொல்லிக்கொண்டவர்களில் பாதிப்பேர் கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரின் ஜன்னலோரத்தில் இருந்த ரிஸ்வானாதான் முதலில் சொன்னாள். பி.காம் முடித்துவிட்டு மூன்று மாத வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள்.

"டீச்சர், தெரு எந்திரிச்சிருக்கு."

"எந்தத் தெரு?"

"நம்ம தெருதான்."

"கரண்ட் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"அப்ப திரையப் பாரு" என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். இரண்டிலும் எண்ணினாள். இரண்டிலும் எட்டு. கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவளாகையால், ஒரு தடவை நடந்தது போதாது என்று கண்ட்ரோல் விசையையும் இசட்டையும் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். சார்ட் மறைந்தது, தெரு விரித்த பாயாகப் படுத்தது. மறுபடி சார்ட் போட்டாள், மறுபடி எழுந்தது. மூன்றாம் தடவை படுக்க வைத்தபோது தெருவிலிருந்து டீக்கடைக்காரர், "யாரா இருந்தாலும் ஒரு நிலைக்கு வாங்கய்யா, யாவாரம் பாக்க வேணாமா?" என்று கத்தினார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவி ஜெயராக்கு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க மேடேறி சென்டருக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, திரையிலிருந்த நீலக்கோட்டைச் சாமிபடம் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது எதனால ஆச்சுத்தா?"

"தெரியலம்மா. வேணாம்னா எடுத்துறேன்."

"எதுக்கு எடுக்கணும்? எங்க வீடு மேல நிக்கிது. எங்க வீட்டுக்காரரு வாசல்ல நின்னு கடலப் பாக்குறாரு. மத்தியானத்துலருந்து சோறு திங்க வரல. இருபத்தேழு வருஷத்துல அந்த மனுசன் வாயத் தொறக்காம நின்னது இன்னிக்குத்தான். இருக்கட்டும்."

ஏன் ஆனது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் ஊரின் புத்தி முழுக்கப் போனது. முதல் புகார் பஸ் டிரைவர் செய்யது பாயிடமிருந்து வந்தது. மேட்டின் உச்சியில் சாலை மடக்கிய தகரம்போல முனை கட்டியிருக்கிறது, சனங்கள் சீட்டிலிருந்து எகிறிக் கூரையில் இடித்துக்கொள்கிறார்கள் என்றார். வடிவு பார்த்தாள், தப்பு அவளுடையதுதான். எண்களை ஒன்று ஒன்றாகத் தாண்ட விட்டு, புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்திருந்தாள். அரை அரையாகக் கூட்டி, வளைகோட்டால் இணைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தாள். தெரு எண்ணெய் தேய்த்த முதுகுபோல வழவழத்தது. மறுநாள் செய்யது பாய் இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பஸ்ஸை விட்டார். அவருக்குப் பாட வரும் என்பதே அன்றைக்குத்தான் அவருடைய கண்டக்டருக்குத் தெரிந்தது.

இரண்டாவது புகார் பள்ளத்திலிருந்து வந்தது. பள்ளத்து வீடுகளில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு சேர்ந்தது, வெயில் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போனது, கடலோ கிடையவே கிடையாது. மேட்டுவீட்டுப் பெண்கள் கடலைப் பற்றிப் பேசும்போது பள்ளத்துவீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அது தண்ணீரைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் போனால் இந்த ஊரில் மேட்டுக்காரன் பள்ளத்துக்காரன் என்று இரண்டு சாதி கூடுதலாக முளைக்கும் என்று ஜெயராக்கு கண்டுகொண்டார். "ஏற்கெனவே இருக்கிறது போதும்த்தா" என்றார் வடிவிடம். "ஏதாவது பண்ணு."

வடிவு ஒரு தனிக் கட்டத்தில், டி-ஒன்றில், பூஜ்யத்தைப் போட்டு, அதை ஃபார்முலாவுக்குள் கூட்டிவிட்டாள். அந்தப் பூஜ்யத்தைத் தினமும் காலையில் வந்து ஒன்று கூட்டி வைத்தால் போதும். அலை மெல்லக் கிழக்கே கடல் பக்கமாக நகர்ந்தது. இன்று பள்ளத்தில் இருக்கிறவன் மூன்று நாளில் மேட்டில் இருந்தான். பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரும் கிடையாட்டைப்போலத் தினமும் கொஞ்சம் கிழக்கே தள்ளப்பட்டு, கடைசியில் உப்பளத்து ஓடையில் போய் விழுந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ மனுக்களுக்கு அசையாத தண்ணீர் ஒரு கூட்டல் கணக்குக்கு அசைந்தது.

அதன்பின் ஊரில் கிழமைகளுக்கு மரியாதை குறைந்தது. எங்க வீட்டு மேட்டுநாள், உங்க வீட்டு மேட்டுநாள் என்றே பேச்சு. ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டுநாள் ஆறு நாளும் கால் நாளும் அதற்கு மேல் கொஞ்சமும் கழித்து வந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று டீச்சரிடம் கேட்டால், சொல்லி முடிக்க முடியாது என்றாள். கோயில் ஜோசியருக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். முடியாத எண்களை வைத்துத்தான் அவர் இத்தனை நாள் பிழைத்துவந்தார். பெண்பார்க்க வருகிறவர்களை மேட்டுநாளில் வரச்சொன்னார்கள். சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் இருவர் வீடும் ஒரே மட்டத்தில் வருகிற நாள் பார்த்து ராசியானார்கள். பிள்ளைகள் சாக்குப்பை போட்டுச் சறுக்கினார்கள். அதைப் பார்த்துத் தபால்காரரும் ஒருமுறை சறுக்கினார்.

பிறகு விருப்பங்கள் கிளம்பின. கிராமசபைக் கூட்டத்தன்று ஜெயராக்கு மைக்செட் வேண்டாம் என்று சொல்லி எக்ஸ் ஸ்கொயர் கேட்டு வாங்கினார்; தெரு முழுவதும் ஒரே உருளிச்சட்டிபோலக் குழிந்து, அடியில் நின்று அவர் தும்மினாலும் இரண்டு ஓரத்திலும் கேட்டது. பங்குச்சாமியார் மாதா ஊர்வலத்துக்கு, ஏற ஏறச் சரிவு குறைகிற மாதிரி ஒன்று உண்டா என்று கேட்டார். தூக்குகிறவர்களெல்லாம் வயசாளிகள் என்றார். வடிவு வர்க்கமூலம் போட்டுக்கொடுத்தாள். ரிஸ்வானா ஒருநாள் கைதவறி எக்ஸ்பொனென்ஷியலை அழுத்திவிட, மேற்குக் கோடியிலிருந்த ரேஷன் கடை மேகத்துக்குள் போய் அரைமணி நேரம் காணாமல் இருந்தது. எடையாளர் தலைமயிர் நனைய இறங்கி வந்து, "மேல நல்லாத்தான் இருக்கு, அரிசிதான் கொஞ்சம் ஈரமாயிருச்சு" என்றார். டேன் என்ற ஃபார்முலாவை மட்டும் வடிவு யாருக்கும் காட்டவில்லை. அது மேலே போய் மறைந்து, கீழேயிருந்து கிளம்பி வரும். நடுவில் குடியிருக்கிறவன் எங்கே போவான் என்று அவளுக்கே தெரியாது.

நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக வடிவு தெருவில் நடந்தால் ஆட்கள் நின்று பேசினார்கள். அவள் படித்த கணக்கு இதுவரை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், டைப் அடிக்கப் பழகினார்கள், சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். வரைபடம் என்ற பாடத்தை அவள் தன் சந்தோஷத்துக்காக, யாரும் கேட்காமல், கடைசி வாரத்தில் சேர்த்து நடத்திவந்தாள். இப்போது மீன்விற்கிற பெண்கூட நின்று, "நாளைக்கு என்ன கோடு டீச்சர்?" என்று கேட்டாள். வடிவுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்த வேகத்தில், நாலு மணி வகுப்பில் கதவோரத்துக் கம்ப்யூட்டர் பதினோரு நாளாக யாரும் தொடாமல் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

அது டெய்லர் சூசைமாணிக்கத்தின் இடம். சூசைக்கு நாற்பத்துமூன்று வயது. சின்னதில் வந்த காய்ச்சல் இரண்டு காலையும் எடுத்துக்கொண்டு போனதிலிருந்து, கையால் சுற்றுகிற மூன்றுசக்கர வண்டியில்தான் அவர் போக்குவரத்து. போன மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் ரவிக்கை அளவு எழுதியிருந்த நோட்டு கூழாகிப்போக, அளவுகளையெல்லாம் நனையாத இடத்தில் வைக்க வேண்டும் என்று சென்டரில் வந்து சேர்ந்தார். ஒற்றை விரலால் டைப் அடித்தார். தினமும் வந்ததும் ஒரு வெட்டுத்துணியால் திரையைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவார். வடிவு ஒவ்வொரு கோடாகப் போட்டுக் காட்டியபோது மற்றவர்கள் கொட்டாவி விட, அவர் மட்டும் கழுத்தைச் சாய்த்து ரசித்துப் பார்த்தார்.

"இது யூ கழுத்து" என்றார் எக்ஸ் ஸ்கொயரைப் பார்த்து. "இது வி கழுத்து. இது, டீச்சர், கைக்குழி. இந்த வளைவு வரலன்னா கையத் தூக்கினா ரவிக்கை மேல ஏறும்."

வடிவு அன்று விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு, நாளை எந்தக் கோடு நடத்தலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் அதற்கு டெய்லர் என்ன பேர் வைப்பார் என்று சேர்த்து யோசிப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. எல்லாம் தெரு எழுந்ததற்கு முன்னால்.

பன்னிரண்டாம் நாள், தீபாவளிக்கு முந்தியே தைக்கக் கொடுத்த தன் ரவிக்கை இன்னும் வரவில்லையே என்று தோன்றி, அவள் டெய்லர் கடைக்குப் போனாள். கடை சாத்தியிருந்தது. பூட்டில் சிலந்தி வலை கட்டியிருந்தது. பக்கத்து வளையல்கடைக்காரி, "தெரு எந்திரிச்ச நாளா அண்ணன் வரலையே" என்றாள். கடை தெருவின் நடுவில். சூசையின் வீடு கிழக்குக் கோடியில். வடிவு நடக்கத் தொடங்கினாள். ஒரு மேடு ஏறி இறங்கினாள். இரண்டாவது மேட்டில் நின்று மூச்சு வாங்கினாள். மூன்றாவது மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, பாதியில், அவளுக்கு எல்லாம் புரிந்தது. உச்சிக்கு வந்தபோது, ஊரே பார்க்கிற கடல் எதிரே விரிந்து கிடக்க, அவள் காலடியில் தார்ச்சாலையின் சரிவை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூசை வாசலில் உட்கார்ந்து கையூசியால் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. முழங்கையில் புதுக் காயம் பக்குக் கட்டியிருந்தது. வண்டி சுவரில் சாய்ந்து கிடந்தது; முன்சக்கரம் கோணியிருந்தது.

"பாடத்துக்கு வரலையே டெய்லர்?"

"வேல இருந்துச்சு டீச்சர்."

"விழுந்தீங்களா?"

"ஏறிப்பாத்தேன். முக்கால்வாசி ஏறிட்டேன். அப்பறம் வண்டி பின்னாடி போகணும்னு சொல்லிருச்சு."

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல?" சூசை ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "ஊரு அம்புட்டும் ஏறி நின்னு கடலப் பாக்குது. தண்ணி வடிஞ்சிருச்சு. செய்யது பாய் பாட்டுப் படிக்கிறாரு, இங்கன வரைக்கும் கேக்குது. என் ஒருத்தன் வண்டி ஏறலன்னு தெருவப் படுக்கப் போடச் சொல்றதா?"

"சொல்லியிருக்கணும்."

"டீச்சர், பேங்குல அஞ்சு படி. தாலுகா ஆபீசுல ஒம்பது. சர்ச்சுல ஏழு. எங்க போனாலும் வாசல்ல நின்னு, யாராச்சும் வருவாகளான்னு பாத்துக்கிட்டிருக்கணும். இந்த ஒரு தெருவுலதான் யாரையும் பாக்காமப் போயிக்கிட்டிருந்தேன். சரி, அதுவும் போச்சு, பழகிக்குவம்னு இருந்தேன்." பிறகு, அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "உங்க ரவிக்கை கைதான் பாக்கி. கையாலேயே தச்சிட்டேன். மிஷின் தையல் மாதிரியே இருக்கும், பாருங்க" என்று மடியிலிருந்ததை நீட்டினார்.

வடிவு அதை வாங்கிக்கொண்டு திரும்பினாள். மூன்று மேடுகளையும் ஏறி இறங்கி, சென்டருக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, சைன் இருந்த நெடுவரிசை முழுவதையும் அழித்துப் பூஜ்யம் போட்டாள். தெரு படுத்தது.

கால்மணி நேரத்தில் ஊர் சென்டர் வாசலில் கூடியது. இன்னிக்கு எங்க மேட்டுநாள் என்றார் ஒருவர். தண்ணி மறுபடி நிக்கும் என்றார் இன்னொருவர். எல்லாரையும்விடச் சத்தம் போட்டவர் அரிசிமண்டி கருப்பணன். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். "வீட்டு வாசல்லயே பந்தல். மாப்பிள்ளை வீட்டுக்காரகட்ட மணவறையிலருந்து கடல் தெரியும்னு சொல்லிப்புட்டேன். அவுக உசிலம்பட்டிக்காரக. கடல் பாக்கவே ரெண்டு பஸ் கூட வருது. இப்ப நான் என்னத்தக் காட்ட?"

வடிவு வெளியே வந்து வாசலில் நின்றாள். வகுப்பில் பேசிப் பழகிய குரல். கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"எல்லாருக்கும் சமமா வரணும்னு தினமும் ஒண்ணு கூட்டிக்கிட்டு வந்தேன். சமமாத்தான் இருக்குன்னு நெனச்சேன். டெய்லர் சூசை பன்னெண்டு நாளா வீட்ட விட்டு வெளிய வரல. ஏற முடியாம விழுந்திருக்காரு. கடை பூட்டிக் கெடக்கு. உங்கள்ல யாருக்கும் தெரியல. உங்களச் சொல்லிக் குத்தமில்ல, எனக்கே தெரியல. என் வகுப்புல படிக்கிறவரு."

பெண்கள் தத்தம் ரவிக்கையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அவர் கைபடாத ரவிக்கை ஒன்றோ இரண்டோதான். டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுக்கா இம்புட்டு? நாங்க நாலு பேரு தெனமும் வண்டியத் தள்ளிவிட்டா ஆச்சு" என்றார்.

"தள்ளுவீக" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. தெரு படுத்ததுமே, கோணல் சக்கரத்தைக் கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டு சூசை வந்து நின்றிருந்தார். "நாளைக்குத் தள்ளுவீக. நாளான்னிக்கும் தள்ளுவீக. ஒருநா எனக்குச் சும்மா டீ குடிக்கணும்னு தோணும். அதுக்கும் நாலு பேருக்கு ஆள் விட முடியுமாண்ணே?" குரலில் கோபம் இல்லை. "கல்யாணத்த ஏன் கெடுக்குறீங்க டீச்சர்? அந்தக் கோட்டை நான் ஒருக்கா பாக்கலாமா?"

வழிவிட்டார்கள். வண்டி உள்ளே போனது. வடிவு சைனை மறுபடி திரையில் மட்டும், தெருவை அசைக்காத ஒரு பழைய நகலாக, திறந்து காட்டினாள். சூசை கைத்துணியால் திரையைத் துடைத்துவிட்டு, வழக்கம்போலக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"சுருக்கு ரொம்ப நெருக்கம் டீச்சர்."

"எது?"

"பாவாடைக்குச் சுருக்கு வைக்கிறோமுல்ல. இந்த அகலத்துக்கு எட்டுச் சுருக்கு வச்சா துணி விறைச்சுக்கிட்டுத்தான் நிக்கும். எட்ட எடுத்துட்டு ஒண்ணு வைங்க. உசரத்தைக் கொறைக்க வேணாம். அதே உசரந்தான். துணி சாஞ்சு விழும்."

வடிவு கையை வாயில் வைத்துக்கொண்டாள். இருபது வருஷமாகச் சரிவைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் அவள். சைனுக்குள்ளே எட்டால் வகுத்தால் சரிவும் எட்டில் ஒன்றாகும் என்பது அவளுக்கு முந்தியே தெரியும். யாருக்காக வகுக்க வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அந்த நகலிலேயே அடைப்புக்குறி திறந்து, எண்ணையும் டி-ஒன்றையும் கூட்டி, அடைப்புக்குறி மூடி, எட்டால் வகுத்தாள். திரையில் ஒரே ஒரு மேடும் ஒரே ஒரு பள்ளமும் சோம்பல் முறித்தாற்போல நீண்டு கிடந்தன.

"இதுல வண்டி ஏறுமா?"

சூசை சுண்டுவிரலைத் திரையில் வைத்துக் கோட்டோடு நகர்த்திப் பார்த்தார். "ஏறும். வேர்க்கும். ஆனா ஏறும்."

ஆனால் அப்படி வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் மேட்டுநாள் ஐம்பது நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்று வடிவு வாசலுக்கு வந்து உள்ளதைச் சொன்னாள். முணுமுணுப்பு கிளம்பியது. ஆறு நாளில் வந்துகொண்டிருந்ததற்கு ஐம்பது நாள் காத்திருப்பதா? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சூசை யாரையும் பார்க்காமல் வண்டியின் சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயராக்குதான் வாயைத் திறந்தார். "மலைக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளு இருப்பீக. நோன்பு முப்பது நாளு இருப்பீக. தவசுகாலம் நாப்பது நாளு. இதுக்குக் கூட ரெண்டு நாளு இருந்தா செத்தா போவோம்? யாருக்கு முடியாதோ கையைத் தூக்குங்க, பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. செய்யது பாய் மட்டும் பெருமூச்சு விட்டு, "பாட்டு கொஞ்சம் நீளமான பாட்டாப் பாக்கணும், வேறென்ன?" என்றார்.

"அப்ப என் மக கல்யாணம்?" என்றார் கருப்பணன், முன்னைப்போலச் சத்தமில்லாமல்.

"டி-ஒண்ணுல எந்த எண்ணுலருந்து வேணாலும் ஆரம்பிக்கலாம்ணே. நாளைக்கு மேடு உங்க வீட்டு வாசல்ல இருக்கும்" என்றாள் வடிவு.

பிற்பாடு, தை பிறந்து ஒருநாள், டி-ஒன்றை மட்டும் அந்த அடைப்புக்குறிக்கு வெளியே வைத்துக் கூட்டியிருந்தால், அதே நீள அலையே ஆறேகால் நாளில் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும் என்பதை அவள் கண்டுபிடித்தாள். தலையில் அடித்துக்கொண்டு ஜெயராக்குவிடம் ஓடினாள். ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். ஊர் வேண்டாம் என்றது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்களுக்கெல்லாம் ஐம்பதாம் நாள் கணக்குப் பார்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாவு இடித்தாகிவிட்டது, இனிமேல் மாற்றினால் யார் பதில் சொல்வது என்றார்கள். கடலும் ஐம்பது நாளுக்கு ஒருமுறை பார்த்தால்தான் கடலாக இருக்கிறது என்று ஜெயராக்குவின் வீட்டுக்காரர் சொன்னார். தெரு எழுந்த நாளிலிருந்து அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

கல்யாணத்தன்று காலையில் தெரு ஒரே மூச்சாக, கிழக்கே தாழ்ந்து, கருப்பணன் வீட்டு வாசலில் உயர்ந்து, மறுபடி மேற்கே சாய்ந்து கிடந்தது. முந்தின சாயங்காலமே சைக்கிள்கடையில் சக்கரத்தை நிமிர்த்திக்கொடுத்திருந்தார்கள். சூசை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிழக்குக் கோடியிலிருந்து புறப்பட்டார். வடிவு, கையாலேயே தைத்த கையுள்ள புது ரவிக்கையோடு, பக்கத்தில் நடந்தாள். "வண்டியத் தொடக்கூடாது" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். அவள் தொடவில்லை. வீடுவீடாக ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை, கைதட்டவில்லை. ஏதோ சாமானை எடுக்க வந்தவர்கள்போல நின்றார்கள். பாதியில் அவர் நின்றார். உள்ளங்கைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது, துடைக்கக் கையில்லாமல் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு இன்னும் ஒன்று. நாதஸ்வரச் சத்தம் பக்கத்தில் வந்து, பந்தல் வாழைமரம் தலைக்கு மேல் நிழல் விட்டபோது, சங்கிலி சட்டென்று லேசானது. மேடு.

வடிவு வண்டியைக் கிழக்கே பார்த்துத் திரும்பச் சொன்னாள். சூசை திருப்பினார். உசிலம்பட்டிக்காரர்கள் இரண்டு பஸ் நிறைய ஏற்கெனவே அங்கே வாய்பிளந்து நின்றிருந்தார்கள். டெய்லரைப் பார்த்ததும் உள்ளூர்க்காரர்கள் அவர்களைத் தோளைப் பிடித்து விலக்கினார்கள். சூசை ரொம்ப நேரம் பார்த்தார். கருவேலங்காட்டுக்கு அப்பால், உப்பளத்து வெள்ளைக்கு அப்பால், வானம் வரைக்கும் விரித்துப் போட்ட ஒரே நீலம்.

"என்ன டெய்லர்?"

"அளவெடுக்க முடியாது டீச்சர்" என்றார். பிறகு, கண்ணைச் சுருக்கி, "ஓரம் அடிக்காம அப்பிடியே விட்டுருக்காக, பாருங்க" என்றார்.

கருப்பணன் கையைப் பிடித்து இழுத்தார், இலை போட்டாச்சு என்று. இதோ வந்துவிடுகிறோம் என்று சூசை வண்டியை மேற்கே திருப்பினார். அந்தப் பக்கம் இறக்கம். அவரது கடையும், சென்டரும் அந்தப் பக்கம்தான். "ஏறுங்க டீச்சர், பின்னால பலகை இருக்கு. இதுக்குத் தள்ள வேண்டியதில்ல." துணிமூட்டை வைக்கிற பலகை. வடிவு ஒரு நொடி யோசித்தாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி தானாகப் போனது. முதலில் மெதுவாக, பிறகு காற்று காதில் கேட்கிற வேகத்தில். சமதரை ஊரில் பிறந்து சமதரையிலேயே சுற்றியவருக்கு, சுற்றாமல் போவது என்றால் என்னவென்று அதுவரை தெரியாது. இடதுகை பிரேக்கில் இருந்தது. வலதுகைக்கு வேலையில்லை. ஊசி பிடிக்காமல், கத்திரி பிடிக்காமல், பெடலைச் சுற்றாமல் பகல்நேரத்தில் அந்தக் கை சும்மா இருப்பதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். மடியில் வைத்துப் பார்த்தார். வண்டி விளிம்பில் வைத்துப் பார்த்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமல், அதைப் பின்பக்கமாக நீட்டினார். துணி சுற்றிய உள்ளங்கை. வடிவு அதைப் பிடித்துக்கொண்டாள்.

வளையல்கடை போனது, டீக்கடை போனது, பூட்டிய டெய்லர் கடை போனது. வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஜெயராக்கு, "அவுகவுக சோலியப் பாருங்கடி" என்றார், தானும் பார்த்துக்கொண்டே.

பள்ளத்தின் அடியில் வண்டி மெல்ல மெல்ல அடங்கி, நடுரோட்டில் நின்றது. இனி ஏற்றம். ஏற்றத்துக்கு இரண்டு கையும் வேண்டும். வண்டி நின்றபடியே இருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒன்பதரை மணி பஸ் வந்து நின்றது. "ஏன் நிக்கிது?" என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டார்கள். செய்யது பாய் ஹாரனிலிருந்து கையை எடுத்து, இஞ்சினை அணைத்து, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க" என்றார்.